பன்னிரண்டு பெட்டிகளுக்கான கையெழுத்து

எங்கள் அலுவலகத்தில் மார்ச் மாதம் ஜூன் வரை நீளும். வெளியாட்களுக்கு இது புரியாது என்பதால் முதலிலேயே விளக்கிவிடுகிறேன். அரசு ஒதுக்கிய நிதியை மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவழித்தாக வேண்டும். இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும். ஆனால் வாங்க வேண்டிய நாற்காலியோ பீரோவோ அதற்குள் வந்து சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால், வந்துவிட்டதாக இருப்புப் பதிவேட்டில் எழுதி, ‘நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்று பண்டகக் காப்பாளர் கையெழுத்துப் போடுவார். அந்தச் சான்றைக் காட்டினால் கருவூலத்தில் பில் பாஸாகிவிடும். பொருள் பிறகு மெல்ல வரும். இதை நாங்கள் ‘மார்ச் கையெழுத்து’ என்போம். யாரும் இதைத் தப்பாக நினைத்ததில்லை. நாற்காலி எப்படியும் ஜூன் மாதத்துக்குள் வந்துவிடும். அதில் உட்கார்ந்தபடியே அடுத்த வருஷத்து மார்ச் கையெழுத்தைப் போடலாம்.

கோயம்புத்தூரில் எங்கள் துறையின் மாவட்ட அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர். பண்டகக் காப்பாளர் கையெழுத்துக்குக் கீழே நானும் ஒரு வரி எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் ‘பொருட்கள் சரிபார்க்கப்பட்டன’ என்று எழுதிவந்தார். நான் பதவிக்கு வந்ததும் அதை மாற்றினேன். ‘பதிவேட்டில் பதியப்பட்டுள்ளமை சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதினேன். படித்துப் பாருங்கள். பொருள் வந்தது என்று அதில் எங்கும் இல்லை. பதிவேட்டில் பதிந்திருக்கிறது என்று மட்டும் இருக்கிறது. பதிந்திருந்தது உண்மை. ஆகவே நான் எழுதியதும் உண்மை. இந்த வரியைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. வீட்டில் மனைவியிடமும் சொன்னேன். அவள், “அப்பச் செரி, பொருளு வந்துச்சான்னு யாருங்க பாப்பாங்க?” என்று கேட்டாள்.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. காலை ஆறு மணிக்கு, காபி குடித்த கையோடு, முந்தின நாள் நடந்ததை ஐந்தாறு வரிகளில் எழுதிவிடுவேன். கல்லூரியை விட்டு வந்ததிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை. மார்ச் கையெழுத்துப் போட்ட பொருட்கள் உண்மையில் எந்தத் தேதியில் வந்தன, எத்தனை வந்தன, எதற்குக் கால் உடைந்திருந்தது என்பதையெல்லாம் அதில் குறித்துவைப்பேன். அலுவலகத்தில் ஒரு கணக்கு, வீட்டில் ஒரு கணக்கு. வீட்டில் இருப்பது சரியாக இருந்தால் நான் யோக்கியன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் துறை முழுவதையும் கணினிமயமாக்கப் போவதாக ஆணை வந்தது. மாவட்ட அலுவலகத்துக்கும், பொள்ளாச்சி, அவிநாசி, மேட்டுப்பாளையம் என்று கீழே இருந்த அலுவலகங்களுக்குமாகச் சேர்த்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர். கொள்முதல் எல்லாம் சென்னையில் தலைமை அலுவலகத்தில் முடிந்துவிட்டது. யாரிடம் வாங்குவது, என்ன விலை, என்ன மாடல் என்பதில் எங்களுக்கு வேலை இல்லை. பெற்றுக்கொண்டு சான்று அனுப்புவதுதான் எங்கள் பங்கு. ஆனாலும் ஆபீஸே அமர்க்களப்பட்டது. பழைய பதிவறையைக் காலி செய்து கண்ணாடிக் கதவு போட்டார்கள். ஏ.சி. பொருத்தினார்கள். ‘காலணிகளை வெளியே விடவும்’ என்று போர்டு மாட்டினார்கள். உள்ளே ஒரு கம்ப்யூட்டரும் இல்லாத அந்த அறைக்குள் நாங்கள் நான்கு மாதம் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் வந்தோம்.

ஜனவரியில் சப்ளை செய்யும் கம்பெனியின் ஆள் ஒருவர் இனிப்புப் பெட்டியும் டைரிகளுமாக வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். யாரைப் பார்த்தாலும் ரொம்ப நாள் பழகியவர் போலச் சிரிப்பார். மற்றவர்களுக்குச் சாதாரண அட்டை டைரி. எனக்கு மட்டும் பழுப்புத் தோல் அட்டை போட்டது. அதன் மேல் கம்பெனியின் பெயர் தங்க எழுத்தில் அச்சாகியிருந்தது.

“சார், நீங்க தினமும் எழுதுவீங்கன்னு கேள்விப்பட்டேன். உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருந்தேன்” என்றார்.

நான் காந்திபுரத்தில் ஒரே கடையில், ஒரே அளவு டைரியை ஒவ்வொரு வருஷமும் வாங்கிவந்தவன். அந்த வருஷம் வாங்கவில்லை. அந்த விவகாரத்தில் நான் கைநீட்டி வாங்கியது அது ஒன்றுதான்.

அப்போது பண்டகக் காப்பாளராக இருந்தவர் இருபத்தெட்டு வயதுப் பெண். அவர் கணவர் எங்கள் துறையில் ஜீப் ஓட்டியவர். பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டதால், கருணை அடிப்படையில் இவருக்கு வேலை கிடைத்தது. உக்கடத்தில் வாடகை வீட்டில் தன் தாயோடும் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளோடும் இருந்தார். சாயந்திரங்களில் காந்திபுரத்துக்குப் போய் ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்பும் முடித்திருந்தார். ஸ்டோரை அவரிடம் ஒப்படைத்ததே அதனால்தான்.

எதையும் எண்ணிப் பார்க்காமல் வாங்க மாட்டார். ஒருமுறை கார்பன் தாள் பெட்டியில் நூறுக்குத் தொண்ணூற்றெட்டுதான் இருக்கிறது என்று கடைக்கே திருப்பி அனுப்பினார். அன்று பிரிவில் ஒரே சிரிப்பு. “சார், உங்களுக்கு ஒரு தங்கச்சி வந்துபோட்டாங்க!” என்று மூத்த உதவியாளர் என்னைக் கிண்டல் செய்தார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் முப்பத்தொன்று. மத்தியானம் மூன்று மணிக்குள் சான்று கருவூலத்துக்குப் போக வேண்டும். பதிவேட்டில் பன்னிரண்டு கம்ப்யூட்டர் என்று உதவியாளர் எழுதி முடித்து அந்தப் பெண்ணின் மேசையில் வைத்தார். அவர் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“சார், பொட்டி ஒண்ணு கூட வரலீங்களே.”

“வந்துரும் அம்மணி. லாரில ஏத்திப்போட்டாங்களாம்.”

“வந்ததுக்கப்பறம் போட்டாப் போதாதுங்களா?”

“அதுக்குள்ள பணம் திரும்பிப் போயிரும். போன வருஷம் பீரோவுக்குப் போட்டீல்ல, அதே மாதிரிதான்.”

மூத்த உதவியாளர் தன் இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். “ஏனம்மணி, கையெழுத்துப் போட்டதுல பீரோ என்ன ஓடியா போச்சு?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “பீரோன்னாத் தட்டிப் பாத்துக்கலாமுங்க. இதுக்குள்ள என்ன இருக்குதுன்னு தெறந்தாத்தானுங்களே தெரியும். நான் போட மாட்டேனுங்க சார். எனக்கு பயமா இருக்குதுங்க.”

உள்ளறையிலிருந்து எங்கள் மாவட்ட அதிகாரி இரண்டு முறை மணி அடித்துவிட்டார். சுவர்க் கடிகாரத்தில் இரண்டே கால். நான் பேனாவின் மூடியைத் திறந்து அவரிடம் நீட்டினேன். “நான் இருக்கேனல்ல? எதுன்னாலும் நான் சொல்லிக்கறேன். போடு அம்மணி.”

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து, ‘பன்னிரண்டும் நல்ல நிலையில் பெறப்பட்டன’ என்பதன் கீழே, தேதியோடு கையெழுத்துப் போட்டார். நான் என்னுடைய வரியை எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன். மறுநாள் காலை என் நாட்குறிப்பில் நான் எழுதியது இது: ‘கம்ப்யூட்டர் சான்று அனுப்பப்பட்டது. பெட்டி எதுவும் வரவில்லை. ஸ்டோர் அம்மணி மறுத்தார். நான் சொன்னதால் போட்டார். வெயில் அதிகம். அம்மாவுக்கு மாத்திரை வாங்கினேன்.’

பெட்டிகள் ஜூன் மாதம் மழையோடு வந்தன. லாரியிலிருந்து இறக்கி, கண்ணாடி அறையில் அடுக்கிவிட்டு ஆட்கள் போனதும், அவர் பதிவேட்டோடு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு சி.பி.யூ. பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். ஒல்லியான பெண். மின்விசிறியைக் கூட இரண்டு கையால்தான் தூக்குவார்.

“சார், இது ஏனுங்க இவ்வளவு லேசா இருக்குது?”

ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே ஒன்றுமே இல்லை. பின்பக்கம் வயர் செருகுகிற இடங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. முன்னால் பட்டன் இருந்தது. நடுவில் காற்று. அப்படி மூன்று. மீதி ஒன்பதில் ஐந்துதான் ஓடின. அதில் ஒன்றை அவர் போட்டுப் பார்த்தபோது, திரையில் சென்னையில் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தின் பதிவுப் பட்டியல் வந்தது. எந்த முகூர்த்தத்துக்கு யார் வீட்டுக் கல்யாணம், எத்தனை வாழையிலை, எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று வரிசையாக இருந்தது. தேதிகளைப் பார்த்தால் எல்லாம் நாலு வருஷத்துக்கு முந்தைய கல்யாணங்கள். புது மெஷின் என்று அரசு வாங்கிய மெஷின் அது.

“அந்தப் புள்ளைகளுக்கெல்லாம் இப்ப ரெண்டு கொழந்தையாவது பொறந்திருக்குமுங்க சார்” என்றார் அவர். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் அந்த ஏ.சி. அறையில் வெறுங்காலோடு நின்று சிரித்தோம்.

அன்று மத்தியானமே அவர் அதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதி, முறைப்படி என் மூலமாக வைத்தார். மூன்று வெறும் கூடு, நான்கு ஓடவில்லை, ஓடும் ஐந்தும் பழையவை. ஒவ்வொன்றின் எண்ணும் எழுதியிருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனேன். கம்பெனி ஆள் எனக்கு முன்பே வந்து அங்கே உட்கார்ந்திருந்தார்.

“மாத்திக் குடுத்துடறோம் சார். போக்குவரத்துல நடந்த கோளாறு. பேப்பர்ல போட்டு எதுக்குப் பெருசு பண்ணணும்?” என்றார்.

அதிகாரி குறிப்பைக் கையில் வாங்கவே இல்லை. “நான் ஆகஸ்ட்ல ரிட்டயர்டு ஆறேன். என் மேசைக்கு இது வர வேண்டாம். உங்களுக்குத் தெரியாததா?” என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார்.

எனக்குத் தெரியாதது இல்லை. வெளியே வந்து ஸ்டோர் அம்மணியிடம், “மாத்தித் தர்றேன்னு சொல்லிப்போட்டாங்க அம்மணி. அதுவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்” என்றேன். “சரீங்க சார்” என்றார். நகல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. என்னிடம் கொடுத்த தாள் என்பதால் தோன்றவில்லை. நான் அதை மடங்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய், டைரியில் அந்தத் தேதிப் பக்கத்தில் வைத்தேன்.

எதையும் மாற்றித் தரவில்லை. கீழ் அலுவலகங்களுக்கு அனுப்பாமல் பன்னிரண்டும் கண்ணாடி அறையிலேயே கிடந்தன. அதிகாரி ஆகஸ்டில் மாலை மரியாதையோடு ஓய்வுபெற்றார். அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. பன்னிரண்டு கம்ப்யூட்டருக்கும் சந்தனம் வைக்கும் பொறுப்பு ஸ்டோர் பிரிவுக்கு. அவர் கிண்ணத்தோடு அறை வாசலில் நின்று, “உள்ளுக்கு ஒண்ணுமில்லாததுக்கும் பொட்டு வெக்கோணுங்களா சார்?” என்று கேட்டார். ஊழியர் எல்லோரும் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். நான், “எல்லாத்துக்கும் வெச்சிரு அம்மணி” என்றேன்.

அடுத்த வருஷம் செய்தித்தாள்களில் விஷயம் வெடித்தது. தலைமை அலுவலகக் கொள்முதலில் பழைய கம்ப்யூட்டர்களைப் புதிது என்று வாங்கியதாகவும், பெரியவர்கள் சிலருக்குப் பங்கு இருப்பதாகவும் குற்றச்சாட்டு. எல்லா மாவட்டங்களிலும் இருப்பை எண்ணச் சொல்லி உத்தரவு வந்தது. எங்களிடம் எண்ணினார்கள். மார்ச் சான்றை எடுத்தார்கள். பன்னிரண்டும் நல்ல நிலையில் பெறப்பட்டன என்று ஒரே ஒருவர் சொல்லியிருந்தார். ‘பதினேழு பி’ என்று நாங்கள் பயத்தோடு சொல்லும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை அவர் பெயருக்கு வந்தது. பொய்ச் சான்று அளித்தது, கம்பெனியுடன் கூடி அரசுக்கு இழப்பு ஏற்படுத்தியது. நிரூபணமானால் வேலை போகக்கூடும். என் பெயர் எங்கும் இல்லை. என்னுடைய வரியை அவர்களும் படித்திருப்பார்கள். அது சரியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தொண்டாமுத்தூர் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்குப் பஸ் ஏறி வந்தார். முந்தின நாள் யானை புகுந்து பக்கத்துத் தோட்டத்தில் வாழையைச் சாய்த்திருந்தது. அதைப் பற்றியே என் மனைவியும் அவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். மோர் குடித்து டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“சார், நீங்க டைரி எழுதுவீங்கன்னு எல்லாத்துக்கும் தெரியுமுங்க. அன்னைக்கு நடந்ததை எழுதியிருப்பீங்கல்லங்க?”

“எழுதியிருப்பேன்.”

“விசாரணையில அதைக் காட்டுனாப் போதுமுங்க சார். நான் மாட்டேன்னு சொன்னது, பொட்டி வந்த தேதி, அது ரெண்டுந்தான். அப்பறம் நான் எழுதுன குறிப்பும் உங்ககிட்டத்தானுங்களே இருக்குது. உங்களைச் சாட்சியாப் போட்டிருக்கேனுங்க. கேக்காமப் போட்டுட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க.”

“பாக்கலாம் அம்மணி” என்றேன்.

“இந்த வேலை போச்சுன்னா எங்க மூணு பேருக்கும் வேற கதி இல்லீங்க சார்.” இதை அவர் அழுதுகொண்டு சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் போய்விடக் கூடாதே என்பதுபோலச் சொன்னார். 

அன்று மாலை டைரியை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. இருப்பதுதான் சிக்கல். ‘நான் சொன்னதால் போட்டார்’ என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். அதைக் காட்டினால் அவர் தப்பிப்பார், நான் மாட்டுவேன். நிர்வாக அலுவலர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் மூன்றாவதாக இருந்தது. விசாரணை நிலுவையில் இருப்பவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். இன்னொரு காரணமும் உண்டு. எழுதவே வெட்கமாக இருக்கிறது. டைரியின் மேலட்டையில் அந்தக் கம்பெனியின் பெயர் மின்னிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு விசாரணை அதிகாரியின் முன்னால் எப்படிப் போவது? பழுப்புத் தாள் வாங்கி அட்டை போட்டுவிடலாமா என்று கூட யோசித்தேன். அளவெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

விசாரணை நாள் காலையில் என் பை வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. திறந்து பார்த்தால் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் அந்த டைரி. வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தேன். “ஏனுங்க, அது இருக்கட்டும். தேவைப்பட்டா எடுத்துக் காட்டுங்க” என்றாள்.

விசாரணை எங்கள் கூட்ட அறையிலேயே நடந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி கெட்டவர் அல்ல. களைத்துப் போயிருந்தார். இது அவருக்கு ஐந்தாவது மாவட்டம். எதிரில் அவர், இந்தப் பக்கம் நான், மேசையின் ஓரத்தில் ஸ்டோர் அம்மணி. என் பை நாற்காலிக் காலில் சாய்ந்திருந்தது.

“சான்று கொடுத்த அன்னைக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்ததா?”

“பதிவேட்டுல பதிஞ்சிருந்ததுங்க. அதைத்தான் நான் சரிபார்த்தேன்.”

“பதிவேட்டைக் கேக்கலை. நீங்க கண்ணால பார்த்தீங்களா?”

“பொருளைப் பார்க்கிறது என் பணியில வராதுங்க.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “நீங்கதானே டைரி எழுதற கண்காணிப்பாளர்? ஆபீஸ்ல எல்லாரும் சொன்னாங்க. அதுல ஏதாவது இருக்கா?”

அதுவரை நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுத்துக்கு எழுத்து நிரூபிக்க முடியும். இருபத்து நான்கு வருஷச் சர்வீஸில் நேரடியான பொய் ஒன்று சொன்னதாக எனக்கு நினைவு இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் திணறியிருக்க வேண்டும். திணறவில்லை. குரல் கூட மாறவில்லை.

“அது ஊட்டுச் சமாச்சாரம் எழுதறதுங்க. தோட்டம், மழை, ஆஸ்பத்திரிச் செலவு. ஆபீஸ் விஷயம் எதுவும் எழுதறதில்லீங்க.”

குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சியைக் கேள்வி கேட்கலாம் என்று விதி இருக்கிறது. அதிகாரி அவரைப் பார்த்து, “ஏதாவது கேக்கணுமாம்மா?” என்றார். அவர் ஒரு தாளில் ஏழெட்டுக் கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருந்தார். வரிசை எண் போட்டு எழுதியிருந்தது எனக்குத் தெரிந்தது. அதை மடித்து வைத்துவிட்டார்.

“ஒண்ணே ஒண்ணுங்க. சார், நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னேனுங்களா, இல்லீங்களா?”

நான் அதிகாரியைப் பார்த்துப் பதில் சொன்னேன். “அப்படி எதுவும் நினைவுக்கு வரலீங்க.”

“சரீங்க” என்றார் அவர். அவ்வளவுதான். எழுத்தர் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்ததும் கீழே கையெழுத்துப் போட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அன்று மத்தியானம் பையைத் திறக்கவில்லை. திறந்தால் டைரியைத் தொட வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பையை வாங்கினாள். சாப்பாடும் டைரியும் வைத்தபடியே இருப்பதைப் பார்த்தாள். டைரியை எடுத்து அலமாரியில் வைத்தாள். சோற்றைக் கொட்டிப் பாத்திரத்தைக் கழுவினாள்.

ஸ்டோர் அம்மணி கம்பெனியோடு கூடினார் என்பது நிரூபணமாகவில்லை. பொய்ச் சான்று நிரூபணமானது. வேலை போகவில்லை. மூன்று வருஷத்துக்கு ஊதிய உயர்வு நிறுத்தம், வால்பாறை அலுவலகத்துக்கு மாறுதல். கிட்டத்தட்ட அதே நாட்களில் எனக்குப் பதவி உயர்வு ஆணை வந்தது. அதே அலுவலகத்தில், அதே தளத்தில், தனி அறை. சென்னையில் பெரியவர்கள் மீதான விசாரணை என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. செய்தித்தாள்கள் வேறு விஷயத்துக்குப் போய்விட்டன. கோயம்புத்தூரில் தண்டனை பெற்றவர் அவர் ஒருவர்தான்.

அவர் வால்பாறைக்குக் கிளம்பும்போது ஸ்டோருக்கு மாற்று ஆள் வந்திருக்கவில்லை. அதனால் பொறுப்பை நானே ஏற்க வேண்டியதாயிற்று. வழக்கமாக இது கால் மணி நேர வேலை. பட்டியலின் கீழே இருவரும் கையெழுத்துப் போடுவார்கள், முடிந்தது. நான் பேனாவை எடுத்தேன்.

“பாத்துட்டுப் போடுங்க சார்” என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. “ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டறேனுங்க.”

பீரோவைத் திறந்தார். காகித ரீம்களை எண்ணினார். குண்டூசி டப்பாக்களைத் திறந்து காட்டினார். நாற்காலிகளைக் கவிழ்த்து, அடியில் பெயின்டில் எழுதிய எண்ணைப் படித்தார். நான் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நேராக டிக் போட்டேன். கண்ணாடி அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனோம். மூன்று வெறும் கூடுகளையும் ஸ்க்ரூ டிரைவரால் திறந்து, நான் குனிந்து பார்க்கும்வரை காத்திருந்தார். பட்டியலில் ‘உள்ளே ஒன்றுமில்லை’ என்று அவரே எழுதியிருந்தார். அதற்கும் டிக் போட்டேன். ஒரு குண்டூசி குறையவில்லை. மாலை ஐந்து மணி ஆகிவிட்டது. நான் கையெழுத்துப் போட்ட பட்டியலின் நகலை நிதானமாகப் படித்துவிட்டுப் பைக்குள் வைத்தார். இந்தத் தடவை நகல் எடுத்துவைத்திருந்தார்.

“பாப்பா பள்ளிக்கூடத்துக்கு என்ன பண்ணப் போறே அம்மணி?” என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று தெரியாமல் கேட்டேன்.

“அங்கயும் பள்ளிக்கூடம் இருக்குதுங்க சார். வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, தண்டனையை எதிர்த்து அவர் மேல்முறையீட்டு மனு எழுதினார். அரசு ஊழியரின் மனு நேராகத் தலைமை அலுவலகத்துக்குப் போக முடியாது. உரிய வழியாகத்தான் போக வேண்டும். வால்பாறையிலிருந்து மாவட்ட அலுவலகம், அங்கே நிர்வாக அலுவலர் தம் குறிப்புரையோடு மேலே அனுப்ப வேண்டும். நிர்வாக அலுவலர் நான்.

மனு நான்கு பக்கம். அவர் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். மார்ச் முப்பத்தொன்று அன்று மறுத்ததைச் சொல்லியிருந்தார். ஜூனில் குறிப்பு வைத்ததைச் சொல்லியிருந்தார். யார் போடச் சொன்னது, குறிப்பை யாரிடம் கொடுத்தேன் என்ற இடத்தில் ‘மேல் நிலையில் உள்ளவர்’ என்று மட்டும் இருந்தது. என் பதவியைக் கூட எழுதவில்லை. மனு யார் கை வழியாகப் போகும் என்று அவருக்குத் தெரியும். நான் படிப்பேன் என்று தெரியும். எனக்கு ஒரு இடம் விட்டுவைத்திருந்தார்.

குறிப்புரைக்கு அரைப் பக்கம் காலியாக இருந்தது. இரண்டு நாள் அதை மேசையில் வைத்திருந்தேன். ஒரு துண்டுத் தாளில் ‘மனுதாரர் கூறுவது உண்மை’ என்று எழுதிப் பார்த்தேன். மூன்றே சொல். அடுத்த வரியில் ‘அது எனக்கு எப்படித் தெரியும் என்றால்’ என்று ஆரம்பிக்க வேண்டும். அங்கே பேனா நின்றது. துண்டுத் தாளைக் கிழித்துப் போட்டேன். காலி இடத்தில், ‘மனு உரிய காலத்திற்குள் பெறப்பட்டு, மேல் நடவடிக்கைக்காக அனுப்பிவைக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அன்றைய தபாலிலேயே அனுப்பிவிட்டேன்.

ஐந்து மாதத்தில் பதில் வந்தது. மனு தள்ளுபடி. ஒரு பக்க ஆணை. காரணங்களில் மூன்றாவது இப்படி இருந்தது: மனுதாரர் கூறுவதை அனுப்பிய அலுவலர் தம் குறிப்புரையில் ஆதரிக்கவில்லை.

இரண்டு முறை படித்தேன். அதில் பிழை எதுவும் இல்லை. ஆணையை அவரிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பும் என்னுடையதே. வழக்கமாக உறையில் முகவரியை எழுத்தர் எழுதுவார். அன்று நானே வாங்கி எழுதினேன். அவர் பெயரை எழுதி, பதவியை எழுதி, வால்பாறை என்று எழுதினேன். பதிவுத் தபால் நோட்டில் ஏற்றி, தபால் நிலையத்தில் கொடுத்துவரச் சொல்லிவிட்டு, அடுத்த கோப்பை எடுத்தேன்.